மின்சாரம் இல்லாத நாட்கள்

செண்பகம் என்பது பறவை, பூவல்ல.
கபில நிற உடம்பு, முன்னால் ஒரு சிவப்புக் குமிழ்:
ஆளியைத் திருப்பினால் கண் விழிக்கும்.
வேலியில் கண்ட பறவையைப் பார்த்துத்தான்
முதலாளி நிறம் தெரிந்தார் என்று
வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லுவோம்.
உண்மை வேறு. கபில நிறப் பெயின்ற்தான்
நாலு வாளி மலிவாகக் கிடைத்தது.

ஸ்ரான்லி வீதியில், தண்ணீர் இறைக்கும் மோட்டர்களுக்குச்
செப்புக் கம்பி சுற்றும் பட்டறை அது.
கார்த்திகை மழையில் ஒரு மோட்டரும் வராது.
சும்மா இருந்த மூன்று கிழமையில்
யேசுரட்ணம் சின்னதாய் ஒன்றைச் சுற்றி
அதன் தலையில் அலுமினியக் கோப்பையைப் பூட்டினான்.
முதலில் அரைத்தது செத்தல் மிளகாய்.
மூடி போட மறந்துவிட்டார்கள்.
பக்கத்துப் பாமசிக்காரர் தும்மிக்கொண்டே ஓடிவந்து
என்ன எரியுது என்று கேட்டார்.

என் வேலை உத்தரவாத அட்டை எழுதுவது.
எண்பத்தாறில் கரண்ட் அடிக்கடி நின்றபோது
பரநிருபசிங்கம் முதலாளி சொன்னார்:
"ஞானேஸ்வரி, இரண்டு வருடம் எண்டதுக்குக் கீழ
ஒரு வரி சேருங்கோ.
மின்சாரம் இல்லாத நாட்கள் கணக்கில் சேரா.
மிஞ்சிப்போனால் பத்து நாள் வரும்,
சனம் சந்தோசப்படும்."

தொண்ணூறு ஆனியில் கரண்ட் போனது.

பேரேட்டில் நாளுக்கொரு கோடு போட்டேன்.
பிறகு கிழமைக்கு.
பிறகு மாதத்துக்கு.
செண்பகங்கள் வேறு வேலை பார்த்தன.
கோப்பை, மண்ணெண்ணெய் அளந்தது.
மூடி, ஜாம்போத்தல் விளக்குக்குக் காற்று மறைத்தது.
கம்பியை உருவி யாரோ றேடியோவுக்கு ஏரியல் கட்டினார்கள்.
கோண்டாவிலில் ஒருத்தி, கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.
முறைப்பாடு ஒன்றுகூட வரவில்லை.
எங்கள் சரித்திரத்தில் பழுதே வராத ஆண்டுகள்
அவைதான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில்
நாவற்குழிப் பாலத்தில் அடியடியாய் நகர்ந்த இரவு
என் உரப்பையில் இரண்டு சட்டை, ஒரு சோடிக் காப்பு, பேரேடு.
"கல்லைச் சுமக்கிறாய்" என்று யேசுரட்ணம் ஏசினான்.
அவன் தோளில் கம்பி சுற்றும் உருளை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளி கொழும்பு போய், அங்கிருந்து நோர்வே.
ஒரேயொரு கடிதம்: கடையைப் பாருங்கோ.
பார்த்தோம். கூரை இல்லை.

கரண்ட் திரும்பி இரண்டாம் மாதம்
நவாலியில் இருந்து ஒருத்தி வந்தாள்,
படுக்கை விரிப்பில் சுற்றிய செண்பகத்தோடு.
பொலித்தீனுக்குள் அட்டை, என் கையெழுத்து.
"கரண்ட் போக முந்திப் பத்தொன்பது நாள் பாவிச்சனான்.
வந்தாப்பிறகு நாப்பது நாள். புகைஞ்சு போச்சு.
மிச்ச நாள் எனக்கிருக்கு."
அவள் சிரிக்கவில்லை.
கழித்துப் பார்த்தேன்: அறுநூற்று எழுபத்தொன்று.

மூன்று செத்த செண்பகங்களைப் பிரித்து
யேசுரட்ணம் இதற்குக் கம்பி சுற்றினான்.
காசு வாங்கவில்லை. கண் விழித்தது.

அதன்பிறகு வரிசை.
வீட்டு உறுதியைத் தொலைத்தவர்கள்கூட
அட்டையை வைத்திருந்தார்கள்.

எங்களைச் சண்டை மூடவில்லை.
பாதை திறந்தது.
ஏ ஒன்பதால் லொறி லொறியாய் இந்திய மிக்சிகள் வந்தன,
மூன்று கோப்பையோடு, வெள்ளை வெளேரென்று, பாதி விலையில்.
அவற்றின் அட்டையில் எங்கள் வரி இல்லை.
ஒருவரும் தேடவில்லை.
நாலாம் ஆண்டு தையில் பெயர்ப்பலகையைக் கழற்றினோம்.
பின்பக்கம் குளவிக்கூடு.

இருபத்திரண்டு பங்குனியில் ஒரு நாள்
பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றது.
இருட்டில் தடவிப் பேரேட்டை எடுத்துவிட்டேன்.
எடுத்த பிறகுதான் யோசித்தேன்:
அரைநாளுக்கு மேல், முழுநாளுக்குக் கீழ்.
அதைப் பற்றி அட்டையில்
நான் ஒன்றும் எழுதவில்லை.