நாரியிலிருந்து சின்னிவிரல் வரை

ஒரு கோடு.
இடப்பக்க நாரியில் தொடங்கி
பிட்டத்தின் நடுவால் இறங்கி
தொடையின் பின்புறம், முழங்கால் மடிப்பு,
கெண்டைக்காலைச் சீவிக்கொண்டு போய்ச்
சின்னிவிரலில் சுள்ளென்று முடியும்.
நில அளவைக் கந்தோரில்
பதினொரு வருசமாய்க் கோடு கீறுகிறேன்.
இவ்வளவு நேர்த்தியாய் ஒன்று
என் கையில் வந்ததில்லை.

இருபத்தொன்பதாம் கிழமை.
"நாரி நோ. சாதாரணம்" என்று
கிளினிக் கொப்பியில் மருத்துவமாது எழுதினா.
அந்தச் சாதாரணத்தையும் தூக்கிக்கொண்டு
நீர்வேலிச் சந்தியில் பஸ் ஏறினேன்.
அதற்கும் எடை இருந்தது.

இருபாலை தாண்டு மட்டும் இடமில்லை.
பிறகு ஒரு பள்ளிக்கூடப் பெடியன் எழும்பினான்.
இருந்தாலும் நோகும் தம்பி, நிண்டாலும் நோகும்,
இரண்டுக்கும் இடையில ஒரு கதிரை
செய்து தருவியோ
என்று கேட்கேல்லை.
தாங்ஸ் சொல்லிவிட்டு இருந்தேன்.

கந்தோரில் சண்டை.
வேலிச் சண்டைதான், வேறென்ன.
கதியால் அரையடி உள்ளுக்கு வந்திட்டுது என்று
மகாலிங்கம் சொல்ல,
கதியால் வளரும் ஐயா, நடவாது என்று
எமிலியானுஸ் சொல்ல,
நான் மேசை விளிம்பைப் பிடித்தபடி
முழுப் பாரத்தையும் வலக்காலில் குடியிருத்தி
பழைய படத்தை விரித்தேன்.
எனக்குள்ளும் ஒரு ஆள்
ராவோடு ராவாய் வேலியைத் தள்ளி நடுகிறார்.
ஈரலை மேலே, சலப்பையைக் கீழே,
நரம்பை எலும்போடு சேர்த்து ஒரு மூலைக்குள்ளே.
அவரிடம் உறுதியும் இல்லை, தோம்பும் இல்லை.
ஆருக்கு முறையிட?

படுக்கை இன்னொரு உத்தியோகம்.
இடப்பக்கம் சரிந்து படு என்பது கட்டளை.
நோகிறதும் அந்தப் பக்கம்தான்.
முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலகணி,
வயிற்றுக்கு முண்டு கொடுக்க ஒன்று,
முதுகுக்குச் சுருட்டின பெட்சீற்.
மற்றப் பக்கம் திரும்புவதென்றால்
மணல் லொறி ஒழுங்கைக்குள் றிவேர்ஸ் எடுக்கிற மாதிரி:
முதலில் தோள், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு வயிறு,
கடைசியாய்க் கால்.
அதுவும் சம்மதித்தால்.

நிமலேந்திரனுக்கு ரயர்க் கடை.
"ஒரு பக்கம் தேயுது, எலைன்மென்ற் பாக்கோணும்"
என்று முதல் நாள் சிரித்தான்.
நான் சிரிக்கேல்லை.
இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லேல்லை.
மூன்றாம் நாள் கடைப் பெடியள் விளையாடுகிற
ரெனிஸ் பந்தோடு வந்தான்.
சுவருக்கும் எனக்கும் நடுவில் அதை வைத்து
மெல்ல மெல்ல உருட்ட
பிட்டத்துக்குள் எங்கேயோ ஒரு திருகாணி
அரைச் சுற்று இளகியது.
அந்த அரைச் சுற்றுக்காக
அவனுடைய பகிடியை மன்னித்தேன்.

நேற்று விடியப்புறம் மூன்று மணி.
நிலத்தில் நாலு காலில் நிற்கிறேன்,
முதுகைப் பூனை போல உயர்த்தித் தாழ்த்தி.
உள்ளங்கையில் சீமெந்துக் குளிர்.
எழும்பி வந்தவன் லைற் போடாமல் கேட்டான்:
"என்ன விழுந்தது? என்ன தேடுறீர்?"
"நோகாத இடம்."
குனிந்தான். உண்மையிலேயே
ரோச் வெளிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே அடித்தான்.
பிறகுதான் விளங்கி
அப்படியே முழந்தாளில் நின்று
இரண்டு கையையும் என் நாரியில் வைத்து அமத்தினான்,
காத்துப் போகிற ஓட்டையைப் பொத்துகிற மாதிரி.

வயிறு தொங்க
நரம்பின் மேலிருந்து பிள்ளை
எப்பன் விலகியது.
அரைக் குழி இருக்கும்.
அளக்கேல்லை.
உள்ளே விக்கல் தொடங்கிற்று;
எனக்கு மட்டும் கேட்டது.
"விடவோ?"
"கதையாதையும். பிடிச்சுக்கொண்டிரும்."

வாழைத் தோட்டப் பக்கம் ஆரோ
தண்ணி மெஷினை இழுத்து ஸ்ராட் பண்ணினான்.
இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்தது.
விடிந்தால் திங்கட்கிழமை.
அரையடிக்கு இரண்டு பேர் வருவினம்.