கதவு இருந்ததா

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
என் மேசைக்கு மேலே உள்ள மின்விசிறியை
மூன்றில்தான் வைக்க வேண்டும்.
கூட்டினால் வழக்குக்கட்டு பறக்கும்,
குறைத்தால் வக்கீல்கள் என்னைப் பார்ப்பார்கள்.

கேப்பர் மலையிலிருந்து வேன் வந்தது.
இறங்கிய பதினொரு பேரில் ஏழாவது ஆள்
தேசிங்கு, த/பெ. கலியமூர்த்தி, சிங்காரத்தோப்பு.
படகு எஞ்சின் ஒன்று, பழையது,
மதிப்பு நாற்பத்திரண்டாயிரம்.

இவருக்கு ஜாமீன் கிடைத்து
நாற்பத்தோரு நாளாகிறது.
உத்தரவை நான்தான் அடித்தேன்:
தலா பத்தாயிரம் ரூபாய்க்கு
இரண்டு நபர் ஜாமீன்.
அடிக்க அரை நிமிஷம் ஆனது.

அக்கா வீடு புறம்போக்கில்.
மச்சான் வீடு அதற்கும் பின்னால், அலைக்குப் பக்கம்.
அந்தத் தெருவில் வீட்டுவரி ரசீது வைத்திருப்பவர்
ஒரே ஒருவர்,
எஞ்சினைப் பறிகொடுத்தவர்.

இன்றைக்குக் குற்றச்சாட்டு வனைய வேண்டும்.
வெட்டவெளியில் எடுத்திருந்தால் மூன்று வருஷம்.
பொருள் வைக்கும் கட்டடத்துக்குள் எடுத்திருந்தால்
ஏழு.
எஞ்சின் இருந்தது கொட்டகையில்.

"கொட்டகைக்குக் கதவு உண்டா?"
என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

ஃபெஞ்சல் புயலில் போய்விட்டது என்றார்
சட்ட உதவி வக்கீல் மேகலை.
புயலுக்கு முன்னால் இருந்ததல்லவா
என்றார் அரசு வக்கீல்.
கதவில்லாவிட்டாலும் கட்டடம் கட்டடம்தானே
என்றார் மறுபடி.
அப்படியானால் நாலு கழியும் ஓலையும்
கட்டடமா என்றார் மேகலை.

எஸ்.ஐ. வரைந்த மாதிரி வரைபடத்தை எடுத்தார்கள்.
ஒரு சதுரம்.
அதற்குள் பெருக்கல் குறி: எஞ்சின்.
சதுரத்தின் கிழக்குக் கோட்டில்
ஒரு விரற்கடை இடைவெளி.

அது கதவா,
கதவில்லாமையா,
பால்பாயிண்ட் பேனா மை விட்டுவிட்டதா?

மாஜிஸ்திரேட் தாளைத் திருப்பினார்.
தலைகீழாக வைத்தும் பார்த்தார்.
நான்கு வருஷம்
அந்த இடைவெளிக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

பிறகு சொன்னார், நான் அடித்தேன்:
மேற்படி எதிரி மீது பிரிவு 303(2).
"தேவைப்பட்டா தீர்ப்புக்கு முன்னாடி திருத்திக்கலாம்"
என்றார் அரசு வக்கீலிடம்.
அதாவது அந்தக் கொட்டகைக்கு
எப்போது வேண்டுமானாலும்
கதவு மாட்டலாம்.

குற்றச்சாட்டைப் படித்துக் காட்டினார்கள்.
மேற்படி தேதியில், மேற்படி இடத்தில்,
நேர்மையற்ற எண்ணத்துடன், சம்மதமின்றி.
குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?

தேசிங்கு கூண்டுக் கம்பியை விட்டுக் கையெடுத்தார்.
"ஏழு மாச பங்குக்காசு பாக்கிங்கய்யா.
கேட்டா நாளைக்கும்பாரு.
எடுத்தாந்து எங்க வூட்ல தார்ப்பாய் போட்டு மூடிவச்சேன்,
மழத்தண்ணி எறங்கிடக் கூடாதேன்னு.
விக்கறதுன்னா அன்னிக்கே வித்திருப்பேன்.
ஸ்பார்க் பிளக்கு கூட நான் வாங்கிப் போட்டதுதான்..."

"ஆமாவா, இல்லையா?"

அவர் யோசித்தார்.
மேகலை கோப்பிலிருந்து தலையைத் தூக்கி
வேகமாக ஆட்டினார்.

"நீங்க படிச்ச மாதிரி இல்லைங்க."

என் விரல்கள் அதுவரை சும்மா இருந்தன.
ஸ்பார்க் பிளக்குக்கு அசையவில்லை,
தார்ப்பாய்க்கு அசையவில்லை.
இப்போது அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
'குற்றத்தை மறுத்தார்.'
முற்றுப்புள்ளி.

"இன்னும் ஆள் கிடைக்கலையா?"
கோப்பை மூடும்போது கேட்டார் மாஜிஸ்திரேட்.
சொந்தப் பிணையில் விடலாம் என்றார் மேகலை.
மனு போடுங்க, பார்க்கலாம் என்றார்.
அடுத்த வாய்தா பதினான்கு நாள் தள்ளி.

என் பையில்
இந்த அரையாண்டுக்கான வீட்டுவரி ரசீது இருந்தது.
காலையில் மாநகராட்சியில் கட்டிவிட்டு
நேரே வந்திருந்தேன்.
மடிப்புகூடக் கலையவில்லை.

கோர்ட் ஊழியர் ஜாமீன் நிற்கிற வழக்கமில்லை.
அது எனக்கு நிம்மதியாக இருந்ததா
என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
நானும் கொஞ்சம் நீளமாகத்தான்
பதில் சொல்லியிருப்பேன்.

எட்டாவது ஆளைக் கூப்பிட்டார்கள்.
விசிறி மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது.