இருபது கிளிக்

குறி என்றால் இலக்கு.
வரப்போவதைச் சொல்வதற்கும் அதுதான் பெயர்.
போன அக்டோபரில் எனக்கு இரண்டும் தப்பின.

எண்பது மீட்டர். காற்றே இல்லை.
நுரையீரலுக்கு அனுப்பியது குடலில் இறங்கிற்று.
அந்தப் பெண் மூஸ்
சதுப்பைத் தாண்டிக் கிழக்கே, எல்லைப் பக்கம் நடந்தது.
நாங்கள் பின்னால் நடந்தோம்,
ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகலில் பாதி.
ஓஸ்மோவின் நாய் ஹல்லா கண்டுபிடித்தபோது
அதன் காதில் விழுந்த பனி
உருகாமல் கிடந்தது.

குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
குஹ்மோவில் அதுதான் வசவு.

குளிர்காலம் முழுக்க என் கையைச் சந்தேகித்தேன்.
மரம் ஏற்றிய லாரியில் கியர் மாற்றும்போதெல்லாம்
ஆள்காட்டி விரலைப் பார்ப்பேன்:
நீதானா?

மே மாதம், பனி போனதும்,
நூறு மீட்டரில் அட்டை நட்டு மூன்று சுட்டேன்.
மூன்றும் ஒரு சாண் இடப்பக்கம்,
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு,
ஒரே பொய்யைச் சொல்வதென்று பேசிவைத்த
அண்ணன் தம்பிகள் மாதிரி.

திருகாணிகளைப் பார்த்தேன்.
தலையிலிருந்து வளையம் வரை
நான் இழுத்துவிட்ட நகப்பூச்சுக் கோடு முறியவில்லை.
(என்னிடமுள்ள ஒரே நகப்பூச்சு. நகம் அதைக் கண்டதில்லை.)
அப்படியானால் உள்ளே.
கண்ணாடிகளுக்கு நடுவில், என் கண் போகாத இடத்தில்,
ஒரு சின்ன வில்சுருள்
சரளைச் சாலைக் குலுக்கலில்
எப்போதோ மனம் மாறியிருக்கிறது.

கயானியில், கடைக்காரன் யல்மாரி
இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பைக் கையில் தந்தான்.
தெருவுக்கு அப்பால், வங்கிக் கூரையில்
காக்கையின் இமை தெரிந்தது.
'அந்தியிலும் பட்டப்பகல்' என்றான்.
நடுவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.
விலை, என் லாரிக்கு நாலு டயர்.
அழகுதான். நான் காக்கைக்கு வரவில்லை.

'விழுந்தால்?' என்றேன்.
'ஆயுள் முழுக்க உத்தரவாதம்' என்றான்.
யாருடைய ஆயுள் என்று கேட்கவில்லை.

ஆறு மடங்கு மட்டும் காட்டுவது
கீழ்த்தட்டில் கிடந்தது. கூடாது, குறையாது.
தடித்த குழல், குமிழ்களுக்குத் திருகுமூடி.
அதை எடுக்க அவன் முட்டி போடவேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே மணற்குழியில்
முதல் குண்டு நடுவில்.
மேலே இருபது கிளிக், சுடு.
வலமாக இருபது, சுடு.
கீழே இருபது.
இடமாக இருபது, சுட்டுவிட்டு நடந்துபோய்ப் பார்த்தேன்.
ஒரு சதுரம். நாலு ஓட்டைதான்.
ஐந்தாவதைத் தேடிக் குனிந்து, கண்ணாடி போட்டு, விரலால் தடவி...
அது முதல் ஓட்டைக்குள்ளேயே போயிருந்தது,
உதட்டோரம் லேசாகக் கிழித்துக்கொண்டு.

அத்தோடு விடவில்லை.
இரண்டு வாரம் உறையிலிட்டு
லாரி இருக்கைக்குப் பின்னால் குலுங்க விட்டேன்.
பிறகு ஓஸ்மோவின் எதிரில்,
அறையைக் காலிசெய்து அவனுக்கும் காட்டிவிட்டு,
இடுப்புயரத்திலிருந்து
பாசிமேல் போட்டேன்.
அவன் கண்ணை மூடிக்கொண்டான்.
ஹல்லா வந்து குமிழை முகர்ந்து தும்மியது.

மூன்று சுட்டேன்.
மூன்றையும் ஓஸ்மோ இரண்டு யூரோ நாணயத்தால் மூடினான்.
'நல்ல கண்ணாடி, ஐலா' என்றான்.
நாணயத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

நல்ல கண்ணாடிதான்.
அதனால்தான் இப்போது பயமாக இருக்கிறது.
அக்டோபரில் சதுப்போரம் ஒரு காது அசையும்.
குறுக்குக் கோடு
வைத்த இடத்தில் நிற்கும்.
அதன் பின்னால்
நான்தான் ஆடிக்கொண்டிருப்பேன்.