காலி வண்டி எடை

ஏழு நாவல்கள் வந்திருக்கின்றன இம்முறை.
ஐந்து ஒரே கதை, ஐந்து பாகம்.
அட்டைக்கு அட்டை ஒரு குதிரை,
எல்லாம் இடப்பக்கமாகவே ஓடுகின்றன.
ஆறாவது பாளையக்காரர் காலம்,
வாளைவிடப் பத்திரங்கள் அதிகம்.
ஏழாவது ஒல்லி. நூற்று முப்பத்தாறு பக்கம்.
அட்டையில் ஒரு நாற்காலி மட்டும்.

நகரி முகவரிக்குப் பார்சல் போட்டால்
எப்படியோ நெல்லூர் சுற்றித்தான் வருகிறது.
அதனால் திருத்தணி பஸ் ஸ்டாண்டில்
ஜெராக்ஸ் கடை கஸ்தூரிரங்கன் பெயருக்கு வரவழைத்து
சம்பளத்துக்கு மறுநாள் எடுத்துவருவேன்.
சோதனைச்சாவடியில் ஒருமுறை பையைத் திறக்கச் சொன்னார்கள்.
குதிரையைப் பார்த்தார்கள்.
மூடச் சொன்னார்கள்.

எடைமேடை அறையில் ஓர் இரும்பு ராக்.
பத்து வருடத்துக் கல் லோடுகள்
கார்பன் தாளில் நீலமாய் மங்கிக் கிடந்தன.
இறக்கிச் சாக்கில் கட்டினேன்.
கரையான் முதலில் ரசீதைத் தின்னட்டும்.

லாரி வராத ஒரு பன்னிரண்டரை மணிக்கு
ஏழையும் கொண்டுபோய் மேடை நடுவில் வைத்தேன்.
வெளிச்சுவரின் சிவப்பு எண்
பூஜ்யம்.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான்
இதற்கு எண்ணத் தெரியும்.
(இந்த இடத்தில் ஒரு வரி வந்து கதவைத் தட்டுகிறது.
உங்களுக்கும் கேட்டிருக்கும்.
நான் திறக்கப்போவதில்லை.)
அவற்றோடு நானும் ஏறி நின்றேன். எழுபது என்றது.
நான் அறுபத்தாறு.
தனியாய் நின்றாலும் எழுபதுதான் என்பது வேறு விஷயம்.

ஓபுலேசு வந்தார்.
பதினாலு சக்கரம், கருங்கல் பலகை, சென்னைத் துறைமுகம்.
தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது.
சீட்டு வரும்வரை முதல் பாகத்தைப் புரட்டி
"ஏம் கத, தணிகாசலம்?" என்றார்.

சொன்னேன்.
இளவரசன் வடக்கே படையெடுக்கிறான். ஆறாயிரம் குதிரை.
ராத்திரியோடு ராத்திரியாய் ஆற்றைக் கடந்து
இதோ இந்த மலைமூக்கின் நிழலில் பாசறை.
"எந்த ஆறு?"
"நம்ம குசஸ்தலைதான்."
"தண்ணி இருந்துச்சா?"
இருநூற்றுப் பதினோராம் பக்கம் கரைபுரண்டது என்றது.
"எந்த மாசம்?"
"சித்திரை."

சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.
பாலத்தடியில் மணல் அள்ளும் டிராக்டர்களின் வெளிச்சம்
ஜன்னல் கம்பியில் ஊர்ந்து போயிற்று.
"ஆறாயிரம் குதிரைக்கு
யாரு புல்லு கொண்டாந்தா?"
அதற்குப் பக்கம் இல்லை.
"வடக்கே இருந்தவன் யாரு, நாங்களா?"
நான் பிரிண்டரைப் பார்த்தபடி நின்றேன்.
நாற்பத்தாறு டன். நாலு அதிகம்.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

பதினோரு ராத்திரியில் ஐந்து பாகமும் முடிந்தது.
இளவரசன் வென்றான்;
வெல்வான் என்று இரண்டாம் பாகத்திலேயே தெரியும்.
ஆனாலும் கடைசி இரவில்
டீ ஆறுவதுகூடத் தெரியாமல்தான் படித்தேன்.
பாளையக்காரர் பாதியில் நிற்கிறார், வழக்கு நடக்கிறது.

ஒல்லி நாவலை எடுத்தேன்.
இருபத்துமூன்றாம் பக்கத்தில்
ஒருத்தி வீட்டைவிட்டுப் போகிறாள்,
ஒரு நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு.
கோமளா எடுத்துப்போனது மிக்சி.
மூடினேன்.
ரசீதுச் சாக்குக்குள் செருகி
சணலால் இறுக்கிக் கட்டினேன்.

நேற்று ஓபுலேசு காலியாய்த் திரும்பினார்.
காலி வண்டி எடை போட்டாகிவிட்டது. போகலாம்.
அறைக்குள் வந்து ராக்கைத் தடவி எண்ணினார்:
"ஏழு இருந்துச்சே.
அந்த நாற்காலி போட்டது எங்க?"
"அதுல சண்டை எல்லாம் இல்ல."
"ஆறு?"
"ஆறும் இல்ல."
"அப்ப சரி" என்று
மேடைமேல் நின்ற வண்டிக்குத் திரும்பிப்போய்
எஞ்சினை அணைத்தார்.
மேடையில் எஞ்சினை அணைக்கக் கூடாது என்று
பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து
"பின்னால வண்டி இல்ல, படி" என்றார்.

சணலில் போட்ட முடிச்சு
என் முடிச்சுதான்.
அவிழ்க்க நேரமாயிற்று.