ஜன்னல் திறக்காமல்

மாடலுக்கு ஒரு ஜன்னல் உண்டு.
அதை நான் திறப்பதே இல்லை.
வெளியிலிருந்து பேசுவதோடு சரி,
அதுவும் நானல்ல,
நான் எழுதிய நூற்றுப் பதினாறு வரி.
அது போய்க் கதவடியில் ஒரு சீட்டைத் தள்ளும்:
மழை முப்பத்தாறு சென்டிமீட்டர்,
கடல் ஏற்றத்தில்,
கெடிலத்தின் முகத்துவாரம் பாதி மணல்.
உள்ளே ஏதோ நடக்கும்.
பதினொரு நிமிடம் கழித்து
ஒரு சீட்டு வெளியே வரும்:
எந்தக் கட்டத்தில் எத்தனை தண்ணீர்.

மஞ்சக்குப்பத்தில் ஆபீஸை ஏழு மணிக்குப் பூட்டுகிறார்கள்.
சர்வர் மட்டும் உள்ளே, ஒரு டேபிள் ஃபேனோடு.
ராத்திரிக்கு நாற்பது முறை
கடலூரை முக்கி எடுக்கிறேன்.
முக்கி, உதறி, காயவைத்து,
மறுபடியும் முக்கி.
தேவனாம்பட்டினம் நாற்பதிலும் போகிறது.
திருப்பாதிரிப்புலியூர் பாதிக்குப் பாதி.
என் வரிகளுக்கு இதில் வருத்தமில்லை.
அவற்றுக்கு இந்த ஊர் ஒரு கோப்பு,
பெயர் 'கட்_ஃபைனல்_இரண்டு'.

நேற்று பதினேழாவதில் நின்றுவிட்டது.
பிழைச் செய்தி போனுக்கு வந்தது, ரொம்பப் பணிவாக:
மாடல் வேறொருவர் கையில் திறந்திருக்கிறது.
எங்கள் ஆபீஸில் வேறொருவர் என்றால்
நாகமுத்து மட்டும்தான்.
மணி பத்தே முக்கால். கூப்பிட்டேன்.
"ரெண்டே நிமிஷம் மேடம், சின்னதா ஒரு செக்கிங்."
பின்னால் டிவி. ஒரு குழந்தையின் இருமல்.
பிறகு பூட்டு விட்டது.
பதினேழு ஓடியது, பதினெட்டு ஓடியது,
நான் தூங்கிவிட்டேன்.

காலையில் படம் வரைந்து பார்த்தால்
குண்டு சாலைக்குக் கிழக்கே
சுற்றிலும் நீலம்,
நடுவில் ஒரே ஒரு கட்டம் வெள்ளை.
பதினேழிலிருந்து நாற்பதுவரை வெள்ளை.
தண்ணீர் அதுவரை வந்து
அழைக்காத வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி
வாசலில் நிற்கிறது.

பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்தேன்.
எட்டு லட்சம் எண்களில் ஒன்றுதான் மாறியிருந்தது.
தரை உயரம்:
ஒன்று புள்ளி எட்டு மீட்டர்
நாலு புள்ளி எட்டு ஆகியிருந்தது.
போன தையில் அந்த வீட்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருக்கிறேன்.
வாசலுக்கு இரண்டே படி.

டிபன் டப்பாவோடு வந்தார்.
நான் கேட்கவில்லை, திரையை மட்டும்
அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
"அய்யய்யோ, சேவ் ஆயிடுச்சா?"
ஆயிடுச்சு.
கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்தார்.
"உங்க பழைய ரிசல்ட்படி ஒண்ணே கால் மீட்டர் ஏத்துனா போதும்.
மூணு வெச்சேன்.
இங்கதான் மண்ணு லோடு காசில்லையே."
சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார்.

மதியம் இரண்டு வரி சேர்த்தேன்:
ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும்
தரையை மூலக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்,
நடுவில் யார் எதை மாற்றியிருந்தாலும்.
நூற்றுப் பதினெட்டு வரி இப்போது.
எழுதும்போது அவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.
அல்லது, அவர் போகும்வரை
நான் எழுதாமல் இருந்தேன்.

இன்று மறுபடி பதினேழிலிருந்து.
ஊர் உறங்கிவிட்டது. மழை இல்லை,
அக்டோபருக்கு நல்ல நிலா.
சீட்டு உள்ளே போய்ப் பத்து நிமிடம்.
மாடல் யார் கையிலும் திறந்திருக்கவில்லை.

வந்துவிட்டது.
அந்தக் கட்டத்துக்கு இரண்டே முக்கால் அடி.

போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.
பதினெட்டு, தானாகவே தொடங்குகிறது.