ஐந்தாவது வண்டி

எட்டு வண்டி கேட்டிருந்தார்கள்.
எம்-சாண்ட் ஏற்றி, எடைமேடையில் நிறுத்தி,
இருபத்தெட்டு டன் என்று
சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள்.
எங்கே கொட்டணும் என்று கேட்டேன்.
கொட்ட வேண்டாம், நிக்கணும் என்றார் ரெஜினா மேடம்.
தலையில் மஞ்சள் தொப்பி,
முழங்கால்வரை ஆற்றுச் சேறு.

நிலம் ஆடிப் பதினேழு நாள்.
எண்ணூரில் பாலத்துக்கு இந்தப் பக்கமே
பேருந்துகள் திரும்பிக்கொண்டிருந்தன.
"பாலம் வரைக்கும்தான், பாலம் வரைக்கும்தான்":
கண்டக்டர்கள் அதை
ஓர் ஊரின் பெயர்போலக் கூவப் பழகிவிட்டார்கள்.
அதற்கப்புறம் படகு.
தலைக்கு இருபது ரூபாய், சைக்கிளுக்குப் பத்து.
கேஸ் சிலிண்டருக்குத் தேசப்பன் காசு வாங்குவதில்லை.

சுண்ணாம்புக் கோட்டுக்குள்
பின்சக்கரம் பிசகாமல் நிறுத்தினேன்.
கைபிரேக்கை இழுத்துவிட்டு
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
இறங்குங்கண்ணே, என்றார் மேடம்.
நீங்க கணக்குல இல்ல.

இருபத்தியிரண்டு வருஷத்தில்
என் வண்டியை அடியிலிருந்து பார்த்தது
அன்றைக்குத்தான்.
பார்த்தது வண்டியைக்கூட இல்லை,
அதைச் சுமக்கும் வயிற்றை.
சாரம் கட்டி, கைக்கடிகாரம்போல ஒன்றை
அங்கே முட்டுக்கொடுத்திருந்தார்கள்.
அது மணி காட்டாது. மில்லிமீட்டர் காட்டும்.
ஒரு பையன் டார்ச் அடித்து வாசித்தான்.

ஆறாவது வண்டி ஏறியது. ஏழு புள்ளி ஒன்று.
ஏழாவது. எட்டு.
எட்டாவது ஏறும்போது
தேசப்பன்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டார்.
எட்டு புள்ளி ஒன்பது.

தொங்குதே மேடம்?
தொங்கணும்ணே. தொங்கலன்னாதான் பயம்.

ராத்திரி கரையிலேயே படுத்தோம்.
கொசு, சாம்பல் வாடை,
பாஷா கொண்டுவந்த ஆறிப்போன பரோட்டா.
பவுனு போனில் சொன்னாள்:
இன்னும் வாசலில்தான் படுக்கை,
சின்னவள் செருப்பைக் கழற்றாமல் தூங்குகிறாள்.
தூரத்தில் ஒரு சரக்கு ரயில் போனது.
எட்டு டிரைவர்களும் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தோம்.
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்
திரும்பப் படுத்தோம்.

விடியும்போது ஒன்பது புள்ளி மூன்று.
அங்கேயே நின்றது, சாயங்காலம்வரை.
எப்போ திறப்பாங்க என்று
மணிக்கொரு தரம் வந்து கேட்டார் தேசப்பன்.
என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்று
அவர் குரலில் பிடிபடவில்லை.

வண்டிகளைப் பின்னுக்கு எடுத்தோம்.
இனி அது திரும்பி எழணுமாம்.
அதற்கும் ஒரு நாள்.
மறுபடி தேவைப்படலாம் என்று
எங்களை அனுப்பவில்லை.
மறுநாள் பையன் வாசித்தான்,
ஒரு தரம், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு தரம்:
ஒன்று புள்ளி நான்கு.

அந்த ஒன்றரை மில்லி?
அது இனிமே வராதுண்ணே, என்று எழுதிக்கொண்டே சொன்னார்.
முக்கால் பங்கு வந்தா பாஸ்.
வீட்டுக்குப் போன் போட்டு இதைத்தான் முதலில் சொன்னேன்.
யாரு முக்கால் பங்கு? என்றாள் பவுனு.

ரிப்பன் இல்லை, மாலை இல்லை.
டிரம்களை உருட்டி ஓரம் போட்டார்கள்.
முதல் பேருந்து மனிதர் நடப்பதுபோல ஏறியது.
இணைப்பில் டடக் என்றபோது
உள்ளே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.
தாண்டியதும் கண்டக்டர்
காட்டுப்பள்ளி, காட்டுப்பள்ளி என்றார்,
அந்தப் பெயரில் கொஞ்சம் தடுக்கி.
கீழே, கட்டிய படகில்
ஒரு காலி சிலிண்டர் நின்றிருந்தது.
அதை யாருடையது என்று தேசப்பன்
கரையில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

எம்-சாண்டை எங்கே ஏற்றினேனோ
அங்கேயே கொட்டினேன்.
முதலாளி டிரிப் ஷீட் கேட்டார்.
காத்திருந்தது மூன்று நாள்.
போன இடம், பாலத்தில் பாதி.
அந்தக் கரையை நான் இன்னும் பார்க்கவில்லை.