நேராகப் போய்த் தேய்ந்தது

புதன்கிழமைத் தபாலில்
புனித லுட்மிலா கோயில் கமிட்டியின் கடிதம்.
"அன்புள்ள திருமதி ஹ்ருஷ்கா,
புதிதாகக் கான்கிரீட் போட்ட நிறுத்துமிடத்தில்
மேப்பிள் மரத்தடியில் மட்டும்
ஒரு கறை தென்படுகிறது" என்று தொடங்கி
"கிறிஸ்துவில் உங்கள், எமில் பார்ட்டோஷ்"
என்று முடிந்தது.
நடுவில் எங்குமே
எண்ணெய் என்ற சொல் இல்லை.
அவ்வளவு நாகரிகம்.

முப்பத்தேழாம் வருஷத்துப் பிளிமத்.
அதன் ஸ்டீயரிங் பெட்டி ஒழுகுவது
ஊருக்கே தெரியும்.
மாதம் ஒருமுறை மூடி திறந்து ஊற்றுவேன்.
ஊற்றியது ஒழுகும்.
வட்டி கட்டிக்கொண்டே வந்தேன்,
அசல் அப்படியே நின்றது.

சனிக்கிழமை, உரச்சாக்கு விரித்து
முதுகால் ஊர்ந்து அடியில் போனேன்.
பிட்மேன் ஆர்ம்
என்னைவிட மூத்த பிடிவாதம்.
நட்டைக் கழற்றிப் புல்லரை மாட்டி இறுக்கினேன்.
அசையவில்லை.
இன்னும் கால் சுற்று.
அசையவில்லை.
போய்க் காபி போட்டேன்.
முதல் வாய் உள்ளே இறங்கும்போது
கொட்டகையிலிருந்து துப்பாக்கி வெடித்த சத்தம்.
நாய் வைக்கோலுக்குள் பாய்ந்தது.
கெஞ்சும்போது மசியாத இரும்பு
ஆளில்லாத நேரம் பார்த்து
விட்டுக்கொடுத்திருந்தது.

பெட்டியை மேசையில் வைத்துப் பிரித்தால்
சீல் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு தோல் வட்டம்.
இடுப்பு பெல்ட்டிலிருந்து வெட்டியது;
ஓரத்தில் பாதி ஓட்டை,
பக்கிள் ஊசி நுழைந்து நுழைந்து நீண்ட ஓட்டை.
எந்த வருஷமோ,
சாமான் கிடைக்காத எந்தப் பனிக்காலமோ.
அன்றைக்கு வீடு வரைக்கும்
ஒரு கை ஸ்டீயரிங்கிலும்
ஒரு கை பேன்ட்டிலுமாகவா ஓட்டினான்?

வார்ம் கியரைத் துடைத்து
விளக்கடியில் பிடித்தேன்.
இரு முனையிலும் மரை புதுசாக,
விரலைக் கீறும் கூர்மையோடு.
நடுவில் மட்டும் வழவழப்பாக ஒரு பள்ளம்.
நெப்ராஸ்காவில் சாலை அப்படி:
பன்னிரண்டு மைல் நேர்,
ஒரு திருப்பம்,
மறுபடி பன்னிரண்டு மைல்.
திரும்பியதில் ஒன்றும் தேயவில்லை.

இருபத்தாறு வருஷம்
ஒரே தராசில் தானிய லாரி எடை போட்டவள் நான்.
குனிந்து நிமிர்ந்தேன்.
முதுகு, சரியாக நடுவில்,
ஆமாம் என்றது.

நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால்
ஓரங்களில் பிடிக்கும்,
வளைவில் சக்கரம் திரும்பாது.
இரண்டு விரல் ஆட்டத்தை அப்படியே விட்டேன்.
புது புஷ் அடித்து, புது சீல் வைத்தேன்.

எண்ணெய் வேண்டாம் என்று
பக்கத்துப் பண்ணை லம்பேர் யெலினெக்
அறுவடை இயந்திரத்துக்குப் போடும் கிரீஸில்
ஒரு குழாய் கொண்டுவந்தார்.
"வேலை கொடுத்தால் இளகும்,
சும்மா விட்டால் கட்டியாகிவிடும்,
என் மச்சான் மாதிரி."
மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார்.
சிரிக்கவில்லை.

ஞாயிறு, எட்டு மணிப் பூசை.
இடமில்லாமல் வண்டிகள்
தெருமுனை வரை நின்றன.
மேப்பிள் மரத்தடி மட்டும் காலி.
கறையைப் பார்த்து
என் இடம் என்று விட்டிருந்தார்கள்.
எமிலின் வண்டிகூட வெயிலில்.
பிளிமத்தைக் கறைமேல் நிறுத்தி
அடியில் ஓர் அட்டையைத் தள்ளிவிட்டு
உள்ளே போனேன்.

பூசை முடிந்ததும் முதலில் வந்து குனிந்தவர் எமில்,
டை தரையில் புரள.
அட்டையை இழுத்து
ஸ்டீயரிங் பெட்டிக்கு நேராக இருந்த பக்கத்தைத் தடவினார்.
காய்ந்த அட்டை.
பிறகு அதைத் திருப்பினார்.
பின்னோரத்தில்
காசளவு ஒரு சொட்டு.

"இது?"
"இது கியர்பாக்ஸ்."

அட்டையை நாலாக மடித்துத்
தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.
"கமிட்டி," என்றார் மரத்தைப் பார்த்துக்கொண்டு,
"இனி செப்டம்பரில்தான் கூடும்."